சாம்பல் கணக்கு

காலை ஏழு மணிக்கு நான் எடைபோடுவது
புழுக்கை.
பன்னிரண்டு கூண்டு, பன்னிரண்டு பை,
பன்னிரண்டு மெட்ராஸ் சிவப்புக் கிடாய்க்குட்டிகள்.
மாதவரத்தில் மழை பிடித்து நாலு நாளாகிறது.
தராசுத் தட்டில் ஈரம் ஏறினால்
கணக்கில் பொய் ஏறும் என்று
துடைத்துத் துடைத்து
துணியே ஆட்டு வாடை.

ஆறு குட்டிக்கு வெறும் தானியம்:
மக்காச்சோளம், கம்பு, கொஞ்சம் பிண்ணாக்கு.
மற்ற ஆறுக்கும் அதேதான்,
கூடவே கிலோவுக்கு ஒரு சிட்டிகை
பழுப்புத் தூள், ஃபைட்டேஸ்.
"இன்னா நிலோ மேடம், துன்னூறா?"
என்றார் கோதண்டம், முதல் நாள்.
சாவி என்றேன்.

விதை தன் பாஸ்பரஸைப் பூட்டி வைத்திருக்கிறது.
நமக்காக இல்லை, ஆட்டுக்காகவும் இல்லை.
என்றோ ஓர் ஈர நாளில்
தனக்குள்ளிருந்து நீளப்போகும்
வெள்ளை வேருக்காக.
துத்தநாகமும் சுண்ணாம்பும்
அதே பெட்டிக்குள் சிக்கிக் கிடக்கின்றன.
அதைத்தான் திருடப்போகிறோம்.
ஆய்வுத் திட்டத்தில் வேறு வார்த்தை போட்டிருக்கிறேன்.

தின்றது கழித்தல் போட்டது.
மிச்சம் ஆட்டுக்குள் தங்கியது.
இந்த ஒரு கழித்தலுக்காக
புழுக்கையை உலர்த்தி, அரைத்து,
அறுநூறு டிகிரியில் ராத்திரி முழுக்க எரிக்கிறேன்.
விடிந்து உலையைத் திறந்தால்
பீங்கான் கிண்ணத்தில்
முட்டையோட்டு நிறத்தில் ஒரு விரல்நுனிச் சாம்பல்.
நாற்றமே இல்லை.
அமிலத்தில் கரைத்து மருந்து விட்டால் மஞ்சள்.
எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு பாஸ்பரஸ்.

மூன்று வாரத்து உழைப்பை
இரண்டு வரிசைக் குழாய்களாக
சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
ஒரே மஞ்சள்.
கருவியும் அதையேதான் சொன்னது,
மூன்று தசமம் சேர்த்து.
ஆட்டின் முதல் இரைப்பைக்குள்
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர்
எப்போதோ சாவிக்கொத்தோடு குடியேறிவிட்டார்கள்.
திறந்து கிடந்த வீட்டுக்கு
அரசாங்கச் செலவில் நானும் ஒரு சாவி
கொண்டுபோயிருக்கிறேன்.

பெரம்பூர் கிளினிக்கில் என் ரத்தம்: எட்டு புள்ளி ஒன்பது.
இரும்பு மாத்திரை போடுறீங்களா?
போடுறேனே. மூலக்கடையில் பஸ் மாறும்போது, டீயோட.
டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.
டீ இரும்பைப் பிடித்துக்கொள்ளும் என்று
எனக்குத் தெரியாதா?
கொடுப்பது வேறு, ஏறுவது வேறு என்று
முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு
கரும்பலகையில் எழுதிக் காட்டுபவளே நான்தான்.

வெள்ளி சாயங்காலம்
ஏழாம் கூண்டு முதுகை வளைத்து நின்றது.
முக்கியது. பல்லைக் கடித்தது.
அடியில் வைத்த கேன் காய்ந்து கிடந்தது.
தானியத்தோடு கூடுதலாய்ப் போன பாஸ்பரஸ்
உள்ளே கல்லாகி
வாசலை அடைத்துவிட்டது.
கரண்ட் இல்லை. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர்.
கால்நடை மருத்துவமனை இரவுப் பணியிலிருந்து
ஆன்சில்டா ரெயின்கோட் சொட்டச் சொட்ட வந்தாள்.
கோதண்டம் செல்போன் வெளிச்சம் பிடிக்க,
நான் குட்டியை மடியில் உட்காரவைத்து அணைக்க,
நுனியில் புழுப்போல் தொங்கும் துண்டைக்
கத்தரித்தாள்.
அவள் உள்ளங்கையில் ரவை மாதிரி இரண்டு.
இதுக்குத்தானா என்று கேட்டாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.

நவச்சார மருந்தைக் குழாயில் புகட்டிவிட்டுக் காத்திருந்தோம்.
இரண்டு நாற்பதுக்கு
மழைச் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம்.
கேன் அதிர்ந்தது.
"வுடு வுடு, இன்னும் வுடு!" என்று
கோதண்டம் கூண்டுக் கம்பியைத் தட்டினார்.

பழக்கதோஷம், அளந்தேன்.
முந்நூற்றுப் பத்து மில்லி.
நோட்டில் எழுதினேன்:
ஏழு, ஆய்விலிருந்து விலக்கப்பட்டது.
அந்த முந்நூற்றுப் பத்துக்கு
எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் போட்டுவைத்தேன்.

பிளாஸ்கைத் திறந்து, "டீ?" என்றார் கோதண்டம்.
மாத்திரை போட்டு
எவ்வளவு நேரமாச்சு என்று எண்ணிப் பார்த்தேன்.
சரி, ஊத்துங்க.